செத்த மருந்தை எந்தப் பொடியும் எழுப்பாது: யாழ்ப்பாணத்துக் கோழித்தீன் வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வணிகர்களே,

நீர்வேலியில் 500 புரொயிலர் குஞ்சுகள் வளர்ப்பவன் நான். சென்ற மாரியில், 24ஆம் நாள், குஞ்சுகள் சிறகைக் குவித்து வெள்ளைக் கழிச்சலோடு ஒடுங்கத் தொடங்கின. ஒரு வாரத்தில் 110 போய்விட்டன. மிருக வைத்தியர் செத்த குஞ்சொன்றை அறுத்து, மலவாய்க்கு மேலே இருக்கும் சிறு பையைக் காட்டினார். மஞ்சள் வழுவழுப்புப் படிந்து, வீங்கிக் கிடந்தது. கம்பரோ என்னும் வைரஸ் நோய். பிறபொருளெதிரிகளை, அதாவது நோய்க்கிருமியை எதிர்க்கும் புரதங்களை, உண்டாக்கும் கலங்கள் முதிர்வது அந்தப் பையில்தான். அது கெட்டால், ராணிக்கெட் என்னும் இன்னொரு கோழி நோய்க்குப் பிறகு கொடுக்கும் தடுப்பு மருந்தும் குஞ்சின் உடலில் சரியாகப் பிடிக்காது.

கம்பரோவுக்குத் தடுப்பு மருந்து கொடுத்துத்தான் இருந்தேன். "தீனில் கலந்தால் மருந்து நன்றாகப் பிடிக்கும்" என்று சொல்லி விற்கப்பட்ட பொடியையும் வாங்கிக் கலந்தேன்.

பொடியை நான் பழிக்கவில்லை. விற்றமின் ஈ, செலனியம், மதுவத்தின் (ஈஸ்ற்) கலச்சுவரிலிருந்து எடுக்கும் குளுக்கன் ஆகியவை தடுப்பு மருந்துக்குப் பின் பிறபொருளெதிரியின் அளவைக் கூட்டுவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லா ஆய்வுகளும் அப்படிச் சொல்லவில்லை என்பதையும் விற்பவர்கள் சொல்ல வேண்டும். எப்படியிருந்தாலும் அவை உயிருள்ள மருந்துக்குத் துணை மட்டுமே.

நான் கொடுத்த தடுப்பு மருந்து வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். அது உயிரோடு இருந்திருக்குமா? 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டிய குப்பியை, உச்சி வெயிலில், ஐஸ் இல்லாத பொலித்தீன் பையில் சைக்கிளில் கொண்டுவந்தேன். வெள்ளம் வடிந்ததும் குளோரின் போட்ட கிணற்று நீரில் அதைக் கரைத்தேன். மருந்திலுள்ள வைரசைக் குளோரின் கொன்றுவிடும். லீற்றருக்கு இரண்டரை கிராம் கொழுப்பு நீக்கிய பால்மாவை முதலில் கரைத்திருந்தால் தப்பியிருக்கும். குஞ்சுகளைச் சற்றுத் தாகத்தில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கச் செய்ய வேண்டும் என்பதையும் வைத்தியர் சொல்லித்தான் அறிந்தேன். தீன் மூட்டையோ ஈரச் சீமெந்துத் தரையில் கிடந்து பூஞ்சணம் பிடித்திருந்தது. பூஞ்சண நஞ்சு நிர்ப்பீடனத்தையே, அதாவது உடலின் நோய் எதிர்ப்பாற்றலையே, அடக்கும். அந்தத் தீனுக்குள்தான் விலை கொடுத்து வாங்கிய பொடியைக் கலந்திருக்கிறேன்!

எனவே கேட்கிறேன். பொடிப் பொதியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தமிழில் எழுதுங்கள். மூட்டைகளை மரப்பலகை மேல் அடுக்குங்கள். பால்மாக் கணக்கை மருந்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஐஸ் பெட்டி இல்லாமல் வருபவருக்கு மருந்தை விற்காதீர்கள், அது நானாகவே இருந்தாலும். தைப்பொங்கல் கழிய எனக்கு அடுத்த குஞ்சுகள் வருகின்றன.

நீர்வேலிப் பண்ணையாளன் ஒருவன்