பக்கவாதத்துக்குப் பின் தகவலும் துணையும்: சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் அன்பர்களே, அவர்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழுவுக்குப் பின் நம் சங்கம் செய்த பணிகளையும் செய்யத் தவறியவற்றையும் தங்கள் முன் வைக்கிறேன்.

நம்மை நாடி வரும் குடும்பங்களில் பல, மருத்துவமனையில் யாரும் எதையும் விளக்கவில்லை என்று சொல்லித்தான் வருகின்றன. ஆனால் அவர்கள் கொண்டுவரும் பையைத் திறந்தால் டிஸ்சார்ஜ் சுருக்கமும், மாத்திரைச் சீட்டும், பயிற்சிப் படங்கள் அச்சிட்ட தாளும் மடிப்புக் கலையாமல் உள்ளே இருக்கின்றன. விளக்கம் சொல்லப்பட்டிருக்கிறது, பல இரவுகள் கண்விழித்துக் களைத்து, எதையும் காதில் வாங்க முடியாமல் இருந்த நாளில் சொல்லப்பட்டிருக்கிறது. வீடு திரும்பிய மூன்றாம் நாள், குளியலறை வாசற்படியில் கால் எழாமல் நோயாளி நிற்கும்போதுதான் கேள்வி பிறக்கிறது; அப்போது பதில் சொல்ல ஆள் இல்லை. எனவே, கையேட்டை ஒருமுறை கொடுத்ததோடு நில்லாமல், முதல் வாரம், முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என நாமே தொலைபேசியில் அழைத்து விசாரிப்பது என்று செயற்குழு முடிவெடுத்துச் செயல்படுத்தியது. இவ்வாண்டில் நாம் செய்தவற்றுள் இதுவே பெரும்பயன் தந்தது என்பது என் கருத்து.

அழைப்புகளில் வந்த கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வருகிறோம். முதல் வாரத்துக் கேள்விகள் பெரும்பாலும் உணவைப் பற்றியவை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொடக்கத்தில் விழுங்குவதில் சிரமம் இருக்கும். புரையேறி நீரோ உணவோ நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரக்கூடும். அதனால் விழுங்கும் திறனைச் சோதித்துத் தெரிந்துகொண்ட பிறகே வாய்வழி கொடுக்க வேண்டும், நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்ட வேண்டும் என்பதை ஒவ்வொரு அழைப்பிலும் சொல்கிறோம். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பினால் தோள்மூட்டு பாதிக்கப்படும் என்பதும் பலருக்குப் புதிய செய்தியாகவே இருக்கிறது.

மூன்றாம் மாதத்தில் கேள்விகளே மாறிவிடுகின்றன. ஏன் காரணமில்லாமல் அழுகிறார், ஏன் பயிற்சிக்கு மறுக்கிறார், ஏன் எந்நேரமும் சோர்ந்து கிடக்கிறார் என்று கேட்கிறார்கள். பக்கவாதத்துக்குப் பின் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்குச் சிகிச்சையும் உண்டு. இதை அறியாத வீடுகளில் நோயாளிக்குப் பிடிவாதக்காரர் என்ற பெயர் விழுந்துவிடுவதைக் காணும்போது மனம் வலிக்கிறது. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும் என்பது உண்மை. அதன்பின் எதுவும் தேறாது என்று பயிற்சியைக் கைவிடுவது தவறு.

மூன்றில் ஒரு பங்கினருக்குப் பேச்சும் மொழியும் பாதிக்கப்படுகின்றன. 1861இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா விவரித்த நோயாளியால் ‘டான்’ என்ற ஓரசையை மட்டுமே சொல்ல முடிந்தது. ஆனால் பிறர் சொன்னவற்றுள் பெரும்பகுதியை அவர் புரிந்துகொண்டார். நம் மாதக் கூட்டம் ஒன்றில், மறுகூட்டம் எத்தனை மணிக்கு வைக்கலாம் என்று ஓர் உறுப்பினரிடம் கேட்டோம். அவர் வாய் திறந்து சொல்லைத் தேடிக்கொண்டிருக்கையில் அவர் மனைவி பதில் சொல்லத் தொடங்கினார். அவரோ இடது கையால் மனைவியின் முழங்கையை மெல்லத் தொட்டு நிறுத்தி, தாளை இழுத்து, கோணல்மாணலாக ஒரு வட்டம் போட்டு, அதனுள் இரு முட்கள் வரைந்து நாலு மணியைக் காட்டினார். அன்றுமுதல் நம் கூட்டங்களில் ஒவ்வொருவர் முன்னும் தாளும் பேனாவும் வைக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

அக்டோபர் 29, உலகப் பக்கவாத நாளன்று விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினோம். வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றைக் கண்டவுடன் ஆம்புலன்சை அழைக்க வேண்டும் என்பதையும், மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தோன்றியதிலிருந்து பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும் என்பதையும் விளக்கினோம். விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் விட்டால் சரியாகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி முற்றிலும் பொய். அதை நம்பினால் விலைமதிப்பற்ற நேரம் வீணாகும். உடம்பு தேறிவிட்டது என்று ரத்த அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் மறுதாக்குதலுக்கு வழிவிடும்.

ஒரு குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பராமரிப்பவர்களுக்கெனத் தொடங்கிய தனிக் கூட்டத்துக்கு மிகச் சிலரே வந்தார்கள். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள மாற்றாள் இல்லாதவர் எப்படி வருவார் என்பதை நாம் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். வரும் ஆண்டில், அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் வந்து துணையிருக்க விரும்பும் உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் வைக்கிறேன்.

செயலாளர்