ஊர் ஊராக ஆடியவனின் நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

இந்தக் கோடையோடு கூடைப்பந்துப் போட்டிகளில் ஆடுவதை நிறுத்திவிட்டேன். முழங்கால் முடிவு செய்தது, நான் ஒத்துக்கொண்டேன், அவ்வளவுதான். விஷயம் தெரிந்ததும் பலர் வாட்ஸ்அப்பில் "சாதனையாளர்" என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். அன்புக்கு நன்றி, ஆனால் அது உண்மையில்லை. தமிழ்நாட்டு அணியின் பயிற்சி முகாமுக்குப் பலமுறை போயிருக்கிறேன். 12 பேர் பட்டியலை ஒட்டும்போது அதில் என் பெயர் இருந்ததில்லை. 2022-ல் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நம் ஆண்கள் அணி சீனியர் நேஷனல்ஸ் என்ற தேசியப் போட்டியில் பட்டம் வென்றபோது நான் கேலரியில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். முகாமில் என் முழங்கையில் இடி வாங்கிய பையன்கள் கோப்பையைத் தூக்கினார்கள். சந்தோஷம்தான். கொஞ்சம் பொறாமையும் இருந்தது, மறைப்பானேன்.

அமெரிக்காவில் என்னைப் போன்ற நாடோடி ஆட்டக்காரர்களுக்குக்கூட ஒரு மரியாதை உண்டு. என்.பி.ஏ. என்ற அவர்களுடைய தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் ஆடிய இஷ் ஸ்மித்தை எடுத்துக்கொள்ளுங்கள். அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் 2010 டிராஃப்டில் யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஹூஸ்டனில் தொடங்கி மெம்ஃபிஸ், ஆர்லாண்டோ, ஃபிலடெல்ஃபியா, டெட்ராய்ட், வாஷிங்டன் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டே இருந்தவர், தன் 13-வது அணியான டென்வரோடு 2023-ல் சாம்பியன் ஆனார். என்.பி.ஏ.வில் அத்தனை அணிகளுக்கு அவருக்கு முன் யாரும் ஆடியதில்லை. ஆனால் அங்கே ஓர் அணி ஆளை இன்னோர் அணிக்கு மாற்றிவிட்டால், அவருடைய ஒப்பந்தச் சம்பளமும் கூடவே போகும்.

நம் ஊரில் அப்படியில்லை. இங்கே கூடைப்பந்தில் நிலையான சோறு என்றால் ரயில்வே, ஐ.ஓ.பி. வங்கி, வருமான வரி, சுங்கம், போலீஸ், ராணுவம் என ஏதாவது ஒன்றில் ஸ்போர்ட்ஸ் கோட்டா, அதாவது விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலை. அது கிடைத்தவர் பெரும்பாலும் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருப்பார். கிடைக்காதவன்தான் ஊர் சுற்றுவான். ஒரு சீசன் ஸ்டைபண்ட் என்ற உதவித்தொகை, அடுத்த சீசன் ஏதாவது கிளப்புக்கு கெஸ்ட் ஆட்டக்காரன், நடுவில் லீக் வந்தால் லீக். 2015-ல் யு.பி.ஏ. என்ற கூடைப்பந்து லீக் தொடங்கியபோது இனி வாழ்க்கை செட்டில் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். 2017-க்குப் பிறகு அது நடக்கவில்லை. 2018-ல் மூவர் ஆட்டத்துக்கு 3பி.எல். என்ற லீக் வந்தது. 2022-ல் ஐ.என்.பி.எல். என்ற இன்னொரு லீக் ஆறு நகர அணிகளோடு வந்தது. ஒவ்வொரு அறிவிப்பு வரும்போதும் அம்மா கேட்பது ஒரே கேள்விதான்: "இதுல மாசாமாசம் குடுப்பாங்களாடா?"

இந்த நிலைமையில் ஒருவன் இத்தனை வருஷம் ஆடியிருக்கிறான் என்றால் அதற்குக் காரணம் அவன் திறமை அல்ல. யார் யாரோ தூக்கிவிட்டார்கள். அவர்கள் பெயர் எந்த ஸ்கோர் ஷீட்டிலும் ஏறியதில்லை. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் இங்கேயும் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது தெரிந்துகொள்வீர்கள்.

முதலில் எங்கள் பி.டி. சார். பள்ளியில் நான்தான் உயரம் என்பதால் ரிங்குக்குக் கீழே நிறுத்தினீர்கள். ஆறடி மூன்றங்குலம் பள்ளிக்கு உயரம். பஞ்சாபிலிருந்து வரும், ரிங்குக்கு அருகே ஆடும் போஸ்ட் ஆட்டக்காரர்களுக்கு முன் அது ஒன்றுமில்லை என்று அப்போதே உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஷூட்டிங்கை ஓரம்கட்டிவிட்டு எனக்கு பாக்ஸ் அவுட் கற்றுக்கொடுத்தீர்கள். பந்து ரிங்கை நோக்கிப் போகும்போது எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள், நீ மட்டும் உன் ஆளைத் தேடு, முதுகால் அவனை முட்டி நிறுத்து, அப்புறம் பந்தைப் பார். மூன்று வருஷம் இதே பாட்டு. எனக்குக் கிடைத்த ஒவ்வொரு ஸ்டைபண்டும் அந்த முதுகுக்குத்தான் கிடைத்தது சார்.

விளையாட்டு விடுதி மெஸ் அக்காவுக்கு: கணக்கில் வராத அந்த இரண்டாவது முட்டைகளுக்கு நன்றி.

பல்கலைக்கழக விளையாட்டுத் துறை அலுவலக அண்ணனுக்கு. பல்கலைக்கழகப் போட்டியில் ஆடியவன் மத்திய அரசு கோட்டாவில் விண்ணப்பிக்க படிவம் 3 என்ற சான்றிதழ் வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இல்லை, மறுநாள் கடைசித் தேதி. நீங்கள் படிவத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய் அவரிடம் கையெழுத்து வாங்கி வந்தீர்கள். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. டிரையல்ஸில் என்னைவிட நன்றாக ஆடியவருக்குக் கிடைத்தது. அவரே பிற்பாடு பெரம்பூர் குவார்ட்டர்ஸில் எனக்கு இடம் கொடுத்து, வாடகைப் பேச்சை எடுத்தால் கோபித்துக்கொண்டார். மச்சி, உனக்கும் நன்றி, உன் வீட்டு ஃபிரிட்ஜுக்கும் நன்றி.

அடுத்து பெரியகுளம். தேனிப் பக்கம் பிறந்தவனுக்கு மே மாதம் என்றால் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் டோர்னமென்ட்தான். கரூர் திருவள்ளுவர் மைதானத்தில் ஆடியிருக்கிறேன், கோவையில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பைக்கும் பி.எஸ்.ஜி. கோப்பைக்கும் ஆடியிருக்கிறேன். எல்லா ஊரும் நல்ல ஊர்தான். ஆனால் கேலரியிலிருந்து ஒரு பெரியவர், "தம்பி, வீக் சைடைப் பாரு!" என்று, பந்து இல்லாத பக்கத்தைக் கவனிக்கச் சரியாகச் சொல்வதை நான் கேட்டது பெரியகுளத்தில் மட்டும்தான்.

அங்கே ஓர் ஆண்டு, எங்கள் ஆட்டத்துக்கு முன்னால் கோடைமழை கொட்டித் தீர்த்தது. திறந்தவெளி மைதானம். இன்றைக்கு அவ்வளவுதான் என்று ஷூவைக் கழற்றிவிட்டோம். மழை விட்டதும் ஊர்ப் பையன்கள் இறங்கினார்கள். ரப்பர் பட்டை வைத்த கட்டையால் தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளினார்கள். பிறகு பழைய மெத்தையிலிருந்து வெட்டிய ஸ்பாஞ்சுத் துண்டுகளைத் தரையில் அழுத்தி, பக்கெட்டில் பிழிந்து, மறுபடி அழுத்தினார்கள். ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அருகே லேசான பள்ளம். அங்கே வேட்டித்துணி போட்டுத் துடைத்தவருக்கு எழுபது வயதிருக்கும். கடைசியில் ஒருவர் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு கோட்டுக்குக் கோடு நடந்தார். வழுக்கிய இடத்தைக் கட்டைவிரலால் காட்டினார், அங்கே இன்னொரு முறை துணி போட்டார்கள். அதற்குப் பிறகுதான் ரெஃப்ரி பந்தைத் தட்டிப் பார்த்துத் தலையசைத்தார். ஈரத்தரையில், ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க ஒரு ரீபவுண்டுக்கு எகிறி இறங்கினால் முழங்கால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்று இரவு ஒருவர்கூட விழவில்லை. பெரியகுளத்துக்காரர்களே, அன்றைக்கு நாங்கள் தோற்றோம், உங்களுக்குக் கைகுலுக்கக்கூட இல்லாமல் வேனில் ஏறிவிட்டோம். இப்போது சொல்கிறேன், ரொம்ப நன்றி.

கோவையில் என் கணுக்காலுக்கு டேப் போட்ட தம்பிக்கு. ஸ்போர்ட்ஸ் டேப் வாங்க அணியிடம் காசில்லை. மருந்துக்கடை வெள்ளைப் பிளாஸ்டரைக் கொண்டுதான் ஒப்பேற்றினாய். உள்பக்கம் தொடங்கி, குதிகாலுக்கு அடியில் கொண்டுபோய், வெளிப்பக்கம் மேலே இழுத்து, ஒவ்வொரு பட்டையும் முந்தையதில் பாதி ஏறும்படி ஒட்டுவாய். பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வருகிற மாதிரி எரியும். ஆனால் நீ ஒட்டிய கால் ஒருநாளும் பிசகியதில்லை. இன்றைக்கு நீ முறையாகப் படித்த பிசியோ. என் காலில் பழகிய தொழில் என்று நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன், மறுக்காதே.

ஒரு சீசனில் ஓர் அணி பாதிப் பணத்தோடு கைவிரித்துவிட்டது. அது யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. பழைய கடன், வசூலாகாது. ஆனால் அன்று டிக்கெட்டுக்குக் காசில்லாமல் நின்ற நால்வருக்கும் எதிரணியின் மேனேஜர் தன் பேட்டா (பயணப்படி) கவரை அப்படியே நீட்டினார். முந்தைய நாள்தான் அவர் அணியின் சென்டரை நான் ஐந்து ஃபவுல் வாங்க வைத்து ஆட்டத்திலிருந்து வெளியேற வைத்திருந்தேன். ஐயா, பிறகு திருப்பிக் கொடுத்தபோது "எதுக்குப்பா?" என்று கேட்டீர்களே, மறந்திருந்தீர்களா, நடித்தீர்களா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரிக்கு. அவள் ஆசிரியை. என் வருமானம் வரும், போகும். அவள் சம்பளம்தான் வாடகையும் பால் கணக்கும். ஒரு முறைகூட "எப்ப நிறுத்துவீங்க?" என்று அவள் கேட்டதில்லை. மாமனார் கேட்டிருக்கிறார், அவருக்கும் நன்றி. அவர் கேட்டதால்தான் கடைசி இரண்டு வருஷம் ஒழுங்காகப் பணம் சேர்த்தேன்.

விட்டுப்போனவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். கோபமிருந்தால் நேரில் வந்து திட்டுங்கள். தினமும் காலை ஆறு மணிக்கு எங்கள் ஊர் மைதானத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு பாக்ஸ் அவுட் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பேன். வரும்போது வீட்டில் சும்மா கிடக்கும் பந்து இருந்தால் எடுத்து வாருங்கள், இருபது பிள்ளைகளுக்கு எங்களிடம் நாலு பந்துதான் இருக்கிறது.