வில்லன் விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று ராத்திரி போனில் "எப்படிப்பா இருந்துச்சு?" என்று நீ கேட்டபோது "நல்லா இருந்தது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது, வேறொன்றும் இல்லை. இத்தனை வருஷம் டிவியில் மட்டுமே பார்த்த ரெஸ்லிங்கை முதல் தடவையாக நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், அதற்கு இரண்டு வார்த்தை எப்படிப் போதும்? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், பொறுமையாகப் படி.

முதலில் சத்தம். டிவியில் வர்ணனை ஓடிக்கொண்டே இருப்பதால் நமக்கு அது சரியாகக் கேட்டதே இல்லை. எனக்கு மூன்றாவது வரிசை. முதல் மேட்சில் ஒருவர் மல்லாக்க விழுந்தபோது காதில் சத்தம் கேட்டதோடு காலடியில் தரையும் அதிர்ந்தது. ரிங் என்றால் என்ன, இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, பலகைக்கு மேல் மெல்லிய ஃபோம், அதை மூடி இழுத்துக் கட்டிய கேன்வாஸ். அவ்வளவுதான். உள்ளே ஏதோ ஸ்பிரிங் மெத்தை மாதிரி இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்த சாப்! விரித்த கையால் நெஞ்சில் ஓங்கி அறைவார்களே, அது. இரண்டாவது அறையிலேயே வியர்வை தெறித்தது லைட் வெளிச்சத்தில் தெரிந்தது, நாலாவதில் நெஞ்சில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது. மேட்ச் முடிந்து அவர் எங்கள் பக்கமாக நடந்து போனபோதும் அந்தத் தடம் அப்படியே இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது நமக்குள் ஒரு சண்டை உண்டு, ஞாபகம் இருக்கிறதா? நான் எப்போதும் ஹீரோ பக்கம், நீ எப்போதும் வில்லன் பக்கம். ஏன் என்று கேட்டால் "அவன்தான்ப்பா நல்லா விழுறான்" என்பாய். நான் சிரிப்பேன். நேற்று அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தபோது, எட்டு வயதில் உனக்குத் தெரிந்தது எனக்கு இத்தனை வயது வரைக்கும் தெரியவில்லையே என்றுதான் நினைத்தேன்.

கறுப்பு உடையில் ஒரு வில்லன். ஹீல் என்பார்களே, அந்த வேலை. பெல் அடித்து முதல் ஐந்து நிமிஷத்துக்கு அவர் ஒரு அடிகூடச் சரியாக அடிக்கவில்லை. ஹீரோ கைகொடுக்க வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார். ஹால் முழுக்கக் கத்தினால் கயிற்றுக்கு அடியில் உருண்டு வெளியே இறங்கிவிடுகிறார். ரெஃப்ரி பத்து எண்ணினால் தோற்றுப்போவார், எண்ணட்டும் என்று நிதானமாக நடக்கிறார், ஒன்பதில் உள்ளே வருகிறார், மறுபடியும் இறங்குகிறார். என் பக்கத்தில் ஒரு பாட்டி எழுந்து நின்று திட்டிக்கொண்டிருந்தார். அத்தனை பேரையும் ஒரே ஆள், யாரையும் தொடாமல், கையில் பிடித்து வைத்திருந்தார். கேமரா முகத்தை மட்டும் காட்டுவதால் டிவியில் இது பாதிதான் தெரியும். நேரில் பார்த்தால், ஹால் எந்தப் பக்கம் அடங்கியிருக்கிறதோ அந்தப் பக்கமாக அவர் நடப்பது தெரிகிறது.

அப்புறம் ஹீரோ அவரைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டார். எல்லோரும் எழுந்து நின்று கத்தினார்கள், நானும்தான். ஆனால் நான் இருந்த இடத்திலிருந்து ஒன்று தெளிவாகத் தெரிந்தது: வில்லனின் கை ஹீரோவின் தொடையில் ஊன்றியிருந்தது, தூக்குகிற அந்த நொடியில் அவரே காலை உந்தி எழும்பினார். மேலே போனதும் உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டார். விழும்போது மோவாயை நெஞ்சோடு ஒட்டி, இரண்டு கையையும் அகல விரித்து, முதுகு முழுக்க ஒரே நேரத்தில் பலகையில் படுகிற மாதிரி விழுந்தார். பம்ப் எடுப்பது என்று இதைத்தான் சொல்கிறார்கள். தலை முதலில் பட்டிருந்தால் கதையே வேறு. கைதட்டல் தூக்கியவருக்குப் போனது. பாதிக்கு மேல் வேலை செய்தவர் விழுந்து கிடந்தார்.

உடனே நாம் கேசட்டில் போட்டுப் போட்டுத் தேய்த்த அந்த மேட்ச் ஞாபகம் வந்தது. 1987 மார்ச் 29, வருஷா வருஷம் நடக்கும் பெரிய ரெஸ்லிங் ஷோவான ரெஸ்ல்மேனியாவின் மூன்றாவது தடவை, ஹீரோ ஹல்க் ஹோகன் வில்லன் ஆந்த்ரே தி ஜயன்ட்டைத் தூக்கிப் போட்டது. 520 பவுண்டு மனிதர் என்று அறிவிப்பார்கள். "பாரு, என்ன பலம்!" என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஆனால் ஆந்த்ரேக்கு அதற்கு முந்தின வருஷம்தான் முதுகில் ஆபரேஷன் நடந்திருந்தது, நடப்பதே கஷ்டம். அவர் சம்மதிக்காமல் அவரை அசைத்திருக்கவே முடியாது. அந்த வலியோடு வந்து, அத்தனை ஆயிரம் பேர் முன்னால் இன்னொருவரைப் பெரிய ஆளாக்கிவிட்டுப் போனார். நான் இத்தனை வருஷமும் தப்பான ஆளுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தேன் கண்ணம்மா.

"எல்லாம் பொய்தானே, அதைப் போய் காசு கொடுத்துப் பார்க்கிறாயா?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். முடிவு முன்கூட்டியே பேசிவைத்தது என்பதில் ரகசியமே இல்லை, 1989-லேயே ரெஸ்ல்மேனியா நடத்துகிற கம்பெனிக்காரர்களே (இப்போது டபிள்யூ.டபிள்யூ.இ. என்று பெயர்) அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில செனட்டில் இது பொழுதுபோக்குதான் என்று ஒத்துக்கொண்டுவிட்டார்கள். முடிவு தெரிந்திருந்தால் பலகை மெத்தையாகிவிடுமா? அந்த ஐந்து விரல் தடத்தை அவருக்குக் காட்டியிருக்க வேண்டும்.

எனக்குப் பிடிக்காததையும் சொல்கிறேன். கடைசி மேட்சில் ஒருவர் தலையில் இரும்பு நாற்காலியால் நேராக அடித்தார்கள். அவர் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. ஹால் ஆரவாரம் செய்தது, நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தலையில் படுகிற அடியை யாராலும் நடிக்க முடியாது, மூளை தாங்காது என்று தெரிந்துதான் டபிள்யூ.டபிள்யூ.இ. 2010-லேயே தலையில் நாற்காலியால் அடிப்பதைத் தடை செய்தது. இவ்வளவு வருஷத்துக்கு அப்புறமும் ஒரு சின்ன ஷோவில் யாரைச் சந்தோஷப்படுத்த இதைச் செய்கிறார்கள்? 1998-இல் மிக் ஃபோலி என்ற ரெஸ்லர் ரிங்கைச் சுற்றிய கூண்டின் மேலிருந்து விழுந்ததைப் பார்த்து நீ அழுதாய், நான் "ஒன்றும் ஆகாது, படுத்துத் தூங்கு" என்றேன். அன்றைக்கு அதைப் பார்க்க விட்டதே தப்பு.

பெண்கள் மேட்ச் ஒன்றுதான் வைத்தார்கள், ஏழெட்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். அன்றைய ஷோவிலேயே அதுதான் சுத்தமான மேட்ச், ஒரு பிடி விட்டு அடுத்த பிடி போவதில் ஒரு தடங்கல் இல்லை. 2019 ரெஸ்ல்மேனியாவில் கடைசி மேட்சே பெண்களுடையதுதான். பெக்கி லிஞ்ச் ஜெயித்த அன்று நீ எனக்கு நடுராத்திரியில் போன் செய்தாயே! அதற்குப் பிறகும் ஏழெட்டு நிமிஷம்தான் என்றால் கோபம் வரத்தான் செய்கிறது.

ஷோ முடிந்ததும் எல்லோரும் ஹீரோவோடு போட்டோ எடுக்க வரிசையில் நின்றார்கள். கூட்டம் குறையட்டும் என்று நான் உட்கார்ந்திருந்தேன். ரிங்கைப் பிரிக்க ஆரம்பித்தார்கள், முதலில் கயிறு, அப்புறம் கேன்வாஸ், ஃபோம். பலகைகளைத் தூக்கி வெளியே கொண்டு போனவர்களில் ஒருவர், தொப்பி வைத்த சட்டை போட்டுக்கொண்டு, இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி நடந்தார். பார்த்தால் நம்ம வில்லன். கிட்டே போய், "நீங்கள் விழுந்த விதம் ரொம்ப நன்றாக இருந்தது தம்பி" என்றேன். ஒரு நொடி என்னைப் பார்த்தார், கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தார், "தேங்க்ஸ் சார், யாரும் இதைச் சொன்னதில்லை" என்றார். மறுபடி பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த தடவை நீ லீவில் வரும்போது ஷோ இருந்தால் சேர்ந்து போகலாம், இப்போதே சொல்லிவிடு, மூன்றாவது வரிசையிலேயே டிக்கெட் எடுக்கிறேன். இந்தத் தடவை இரண்டு பேரும் ஒரே பக்கம்.

அன்புடன்,
அப்பா