மோட்டார் மேக் தாத்தாவைப் பார்க்கப் போகுமுன்

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மாப்பிள்ளையையும் பேரனையும் விசாரித்ததாகச் சொல்.

உங்கள் தெருமுனை வீட்டில் இருக்கும் 99 வயதுப் பெரியவர் இரண்டாம் உலகப் போரில் பி.டி. படகில், அதாவது டார்பிடோ என்ற நீருக்கடியில் பாயும் குண்டை ஏவும் அமெரிக்கச் சிறு போர்ப்படகில், இருந்தவர் என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதுவும் இன்ஜின் அறைக்காரர்! "மோட்டார் மேக்" என்று அவர் தன்னைச் சொல்லிக்கொண்டார் என்றாய். அந்தப் படகுகளில் இன்ஜின் பார்த்தவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு போகிறோம், அவரிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை என்று சொன்னாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்துவிடும் டக் படகின் இன்ஜின் அறையிலேயே என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது உனக்குத் தெரியும். ரிட்டயர் ஆன பிறகு இந்த பி.டி. படகுக்காரர்களின் பேச்சைத் தேடித் தேடிக் கேட்டு வருகிறேன். அமெரிக்காவில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2000-ஆம் ஆண்டிலிருந்து பழைய போர்வீரர்களைப் பேசவைத்துப் பதிவு செய்து பாதுகாக்கிறது. எண்பது, தொண்ணூறு வயதில் அந்த மனிதர்கள் பேசுவதைக் கேட்டால் ஒன்று புரியும். எத்தனை கப்பலை மூழ்கடித்தோம் என்பதை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கூட இருந்தவன் எப்படிச் சிரிப்பான், எந்த இன்ஜின் எப்போது மக்கர் பண்ணும், சமையல்காரன் இருந்ததை வைத்து என்ன செய்தான், இதையெல்லாம் மணிக்கணக்கில் சொல்வார்கள். நீயும் அந்தப் பக்கமே அவரைப் பேசவிடு.

பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான கென்னடியைப் பற்றிக் கேட்காதே. பி.டி. படகு என்றாலே எல்லாரும் அவர்களிடம் முதலில் கேட்பது அதைத்தான். பேரனுக்கு அந்தக் கதையை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போ. 1943 ஆகஸ்ட் 2 அதிகாலை, சாலமன் தீவுகளில் பிளாக்கெட் நீரிணை. அன்று இரவு பதினைந்து பி.டி. படகுகள் ஜப்பானியக் கப்பல்களை மறிக்கப் போயிருந்தன. விட்ட டார்பிடோ ஒன்றுகூட இலக்கில் படவில்லை. கும்மிருட்டில் அமகிரி என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பல் வந்து கென்னடியின் பி.டி. 109-ஐ இடித்துப் பிளந்துவிட்டது. பதின்மூன்று பேரில் இரண்டு பேர் போய்விட்டார்கள். மற்றவர்கள் மிதந்த பாகத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்து, பிறகு நீந்தி ஒரு சின்னத் தீவுக்குப் போனார்கள். பியுகு காசா, எரோனி குமானா என்ற அந்த மண்ணின் இளைஞர்கள் இருவர்தான் அவர்களைக் கண்டுபிடித்தவர்கள். கென்னடி தேங்காய் மட்டையில் கீறிக் கொடுத்த சேதியைத் துடுப்புப் போட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களும் அவர்களே. பேரனுக்கு அந்த இரண்டு பெயரையும் சொல்லிக்கொடு.

அந்தக் கதையில் என் மனம் நிற்பது பாட்ரிக் மக்மஹோன் என்பவரிடம். மோதல் நடந்தபோது அவர் கீழே இன்ஜின் அறையில் இருந்தார். மேலே இருந்தவர்கள் கப்பல் வருவதைக் கடைசி நொடியிலாவது பார்த்தார்கள். அவர் எதையும் பார்க்கவில்லை. இடித்தது, தீ வந்தது, தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். உடம்பெல்லாம் வெந்துபோன அவரை, உயிர்காப்புச் சட்டையின் வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு கென்னடி மணிக்கணக்கில் நீந்தி இழுத்துப்போனார். மக்மஹோன் பிழைத்து ஊர் திரும்பினார். இன்ஜின் அறையில் வேலை பார்த்த எவனுக்கும் இதைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். எங்களுக்கு மேலே என்ன நடக்கிறது என்பது சத்தத்தில் மட்டும்தான் தெரியும்.

அந்த இன்ஜின் அறை எப்படி இருந்தது என்று உனக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தால் அவர் சொல்வது பிடிபடும். ஏறக்குறைய எண்பது அடி நீளப் படகு. அதில் பேக்கர்ட் கம்பெனியின் பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின் மூன்று. ஒவ்வொன்றும் ஆரம்பத்தில் 1,200 குதிரைசக்தி, போர் முடியும்போது 1,500. மணிக்கு நாற்பது கடல் மைல் வேகம். எங்கள் டக்கில் பத்தைத் தொடுவதற்குள் அறையே அதிரும். ஆனால் என்னைத் திடுக்கிடச் செய்தது வேகம் இல்லை, எண்ணெய். நாங்கள் ஓட்டியது டீசல். சிந்தினால் துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். இவர்கள் ஓட்டியது விமானத்துக்குப் போடும் 100 ஆக்டேன் பெட்ரோல். டாங்கு நிறைய 3,000 காலன், அதாவது பதினோராயிரம் லிட்டருக்கு மேல். நம் ஊர் பங்குக்கு வருகிற டேங்கர் லாரி ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு துப்பாக்கிச் சண்டைக்குப் போவது போல. படகுக்கு இரும்புக் கவசம் என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் கிடையாது. இரண்டு அடுக்கு மஹோகனிப் பலகை, நடுவில் பசையில் தோய்த்த துணி. பலர் பிளைவுட் படகு என்று எழுதுவார்கள், அது சரியில்லை. இவர்கள் அதைக் கேட்டால் கோபப்படுவார்கள்.

ஆரம்ப காலத்தில், சாலமன் பக்கம் வசதி எதுவும் இல்லாதபோது, அந்தப் பெட்ரோலை பீப்பாய் பீப்பாயாக உருட்டிவந்து, தண்ணீர் கலந்திருக்குமோ என்று மெல்லிய தோலில் வடிகட்டி, கையாலேயே நிரப்பியிருக்கிறார்கள். இரவெல்லாம் ரோந்து போய் விடியும்போது திரும்பி வந்தவன் படுக்கப் போவதற்கு முன்னால் இந்த வேலை. நம் பெரியவர் போனது 1944-இல் என்றால் இதை அவர் பார்த்தாரோ என்னவோ, கேட்டுப் பார்.

வேகத்தைக் கூட்டுவது குறைப்பது மேலே கேப்டன் கையில். கியர் மாற்றுவது மட்டும் கீழே. மேலிருந்து சமிக்ஞை வரும், மோட்டார் மேக் கையால் தள்ளிப் போடவேண்டும். எதிரி விளக்கடித்துச் சுடும்போது கேப்டன் பின்னால் எடுக்கச் சொல்லி, கீழே இருப்பவன் ஒரு நொடி தாமதித்தால் எல்லாரும் போச்சு. அவனோ எதையும் பார்க்கமுடியாமல், அந்தச் சூட்டில், காது அடைக்கும் இரைச்சலில் குந்தியிருக்கிறான். பி.டி. படகு வீரர் என்றதும் டார்பிடோ விடுபவரையும் இயந்திரத் துப்பாக்கிக்காரரையும்தான் படம் போடுகிறார்கள். எனக்கு அது குறையாகவே படுகிறது.

டார்பிடோ படகு என்று பெயர் இருந்தாலும் நியூ கினி கரையில் இவர்கள் பெரும்பாலும் டார்பிடோவை விடவே இல்லை. பகலில் அமெரிக்க விமானங்களுக்குப் பயந்து ஜப்பானியர் தங்கள் படைக்கு அரிசியும் ஆட்களும் குண்டுகளும் இரவில் சரக்குத் தோணிகளில்தான் கரையோரமாக அனுப்பினார்கள். அவை தண்ணீரில் ஆழம் இறங்காமல் மிதப்பவை. டார்பிடோ அடியில் ஓடிவிடும். அதனால் படகுகளில் பீரங்கிகளை ஏற்றினார்கள். சாலமன் தீவுகளில் ஒன்றான குவாடல்கனாலில் அடிபட்டுக் கிடந்த விமானங்களிலிருந்து 37 மில்லிமீட்டர் பீரங்கியைக் கழற்றிக்கொண்டுவந்து முன்தளத்தில் பொருத்தியது படகுக்காரர்களே. இரவில் இன்ஜினை அடக்கி, புகைபோக்கிச் சத்தத்தைத் தண்ணீருக்குள் திருப்பிவிட்டு, கரையை ஒட்டி ஊர்ந்து போவார்கள். வேகமாகப் போனால் அந்தக் கடலில் படகுக்குப் பின்னால் நுரை ஒளிரும், நம் கடலில் சில இரவு கவர் பூப்பது போலத்தான். மேலே சுற்றும் ஜப்பானிய விமானம் அந்த வெளிச்சக் கோட்டைப் பார்த்துக் குண்டு போடும். ஆகவே நாற்பது மைல் ஓடக்கூடிய படகில் மணிக்கணக்கில் ஆமை வேகம். அடியில் பவளப்பாறை வேறு. பாறையில் ஏறி மாட்டிக்கொண்டு இழந்த படகுகளும் பல.

சண்டை என்று கேட்பதானால் பிலிப்பைன்ஸின் லேட்டே தீவுப் பக்கம் இருந்தாரா என்று மெதுவாகக் கேள். 1944 அக்டோபர் 24 இரவு சுரிகாவோ நீரிணையில் 39 பி.டி. படகுகள், மூன்று மூன்றாகப் பிரிந்து காவல் இருந்தன. ஜப்பானியப் போர்க்கப்பல் வரிசையை முதலில் எதிர்கொண்டவை அவைதான். அடித்ததை விட, எதிரி எங்கே எந்தத் திசையில் வருகிறான் என்று பின்னால் இருந்த பெரிய கப்பல்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்ததுதான் பெரிய உதவி. அபுகுமா என்ற ஜப்பானியக் குரூசர் போர்க்கப்பலில் ஒரு பி.டி. படகின் டார்பிடோ பட்டது. பி.டி. 493 என்ற படகு அடிபட்டுக் கரையேறி அழிந்தது.

ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. தங்கள் ஆட்களாலேயே தாக்கப்பட்ட சம்பவங்கள் இவர்களுக்கு உண்டு. 1944 ஏப்ரல் கடைசியில் நியூ பிரிட்டன் தீவு அருகே பாறையில் மாட்டிய படகையும் உதவிக்கு வந்த படகுகளையும் எதிரி என்று நினைத்து அமெரிக்க விமானங்களே தாக்கின. பி.டி. படகுகளும் அதற்கு முந்தின வருடம், ஏற்கெனவே விமானத் தாக்குதலில் செயலிழந்திருந்த தங்கள் தளபதியின் கப்பல் மக்காலியை இருட்டில் எதிரி என்று நினைத்து டார்பிடோ விட்டு மூழ்கடித்திருக்கின்றன. பதிவுகளில் இந்த இடம் வந்தால் பலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவராகத் தொடங்கினால் கேட்டுக்கொள். நீயாக எடுக்காதே. தோணிகளில் இருந்த ஜப்பானியரைப் பற்றியும் அப்படியே. அந்தச் சண்டைகள் மிகக் கிட்டத்தில் நடந்தவை. முகம் தெரிந்த தூரம்.

சாப்பாட்டைப் பற்றித் தாராளமாகக் கேட்கலாம். ஸ்பாம் என்ற டின் இறைச்சி, பொடியாக வந்த முட்டை, மலேரியாவுக்குப் போட்டு உடம்பே மஞ்சளாகிப் போன அட்டபிரின் மாத்திரை, டார்பிடோவுக்கு வந்த ஆல்கஹாலை வடிகட்டிக் குடித்த கதை எல்லாம் வரும். பேரன் இருக்கிறான் என்று அவர் கடைசியதை விழுங்கிவிட்டாலும் விட்டுவிடு. பன்னிரண்டிலிருந்து பதினேழு பேர் வரைதான் ஒரு படகில். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் அதே சமையல், அதே காபி. பெரிய கப்பலில் கிடைக்காத அந்த ஒட்டுதலைப் பற்றித்தான் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அதை வெறும் வயதான காலத்து ஏக்கம் என்று நான் நினைக்கவில்லை. ஐந்து பேர் டக்கில் நானும் அதை அனுபவித்திருக்கிறேன்.

போர் முடிந்ததும் படகுகளை என்ன செய்தார்கள் என்று தெரியுமா? பிலிப்பைன்ஸில் சமார் தீவின் கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட படகுகளை இழுத்துப் போட்டு, இன்ஜினையும் துப்பாக்கிகளையும் கழற்றிக்கொண்டு, தீ வைத்துவிட்டார்கள். மரம் நைந்துவிட்டது, ஊருக்குக் கொண்டுபோகும் செலவுக்குக் கட்டாது என்பது காரணம். கணக்கு சரிதான். ஆனால் அந்த இன்ஜினைக் குழந்தை மாதிரி பார்த்தவன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருந்திருக்கும்! எனக்குக் கோபமே வருகிறது. மிஞ்சின ஒன்றிரண்டைக் காப்பாற்றியதில் இந்தக் கிழவர்களுக்குப் பெரிய பங்கு. ஓரிகன் மாநிலம் போர்ட்லாந்தில் பி.டி. 658-ஐ முன்னாள் படகுக்காரர்களே கூடி, வயதான காலத்தில் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்து பழுதுபார்த்து, அதே பேக்கர்ட் இன்ஜின்களில் ஓட வைத்தார்கள்.

உனக்குப் பக்கத்திலேயே மாசசூசெட்ஸ் மாநிலம் ஃபால் ரிவரில் பேட்டில்ஷிப் கோவ் காட்சியகத்தில் இரண்டு இருக்கின்றன. பி.டி. 617 எல்கோ கம்பெனி கட்டியது, பி.டி. 796 ஹிக்கின்ஸ் கட்டியது. பெரியவருடையது எல்கோவா ஹிக்கின்ஸா என்று முதல் கேள்வியாகவே கேட்டுவிடு, முகம் மலர்ந்துவிடும். எது உசத்தி என்று இன்னும் சண்டை போடுகிறவர்கள் அவர்கள். ரோட் ஐலண்டில் மெல்வில் என்ற இடத்தில்தான் பி.டி. படகுக்காரர்களுக்குப் பயிற்சி. அதுவும் உங்களிடமிருந்து தூரமில்லை. பயிற்சிக்கு வந்தவர் அந்தப் பக்கமே குடியேறிவிட்டாரோ என்று எனக்கு ஒரு யோசனை.

அப்புறம், இன்ஜின் அறைக்காரருக்குக் காது மந்தமாக இருக்கும். பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்கார்ந்து, வாய் தெரியும்படி நிதானமாகப் பேசு. கத்தாதே. வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, அவருக்குச் சம்மதம் என்றால் மட்டும் பதிவு செய். அம்மா அனுப்பிய மக்ரூன் டப்பாவைக் கொண்டுபோ. வாயில் போட்டால் கரைந்துவிடும், பல் வேண்டாம்.

எனக்காக மூன்றே கேள்விகள். மூன்று இன்ஜினில் எது அதிகம் தொல்லை கொடுத்தது? ரோந்தின்போது கீழே எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றினார்கள்? மேலே சுடும் சத்தம் கேட்கும்போது கையை எங்கே வைத்திருந்தார்? அவர் சொன்னதைச் சுருக்காமல் அப்படியே எழுதி அனுப்பு. தூத்துக்குடியில் டக் ஓட்டின ஒருவன் கேட்கச் சொன்னான் என்று அவரிடம் சொல்.

அன்புடன்,
அப்பா