அந்தக் காலை இருபது நிமிடத்தைத் திருப்பித் தாருங்கள்

எங்கள் பிள்ளைகளின் ஆரம்பப் பிரிவுக்குப் பொறுப்பான கல்வி அதிகாரிகள் அனைவருக்கும்,

மதிப்புக்குரியீர்,

சென்ற தவணையில் உங்கள் மேற்பார்வைக் குழு எங்கள் பாடசாலைக்கு வந்து போனது உங்களுக்கு நினைவிருக்கும். தரம் 4 வகுப்பறைச் சுவரில் தொங்கிய ஒரு பலகையைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார்கள். டீச்சர் விளக்கினார். அப்புறம், பாடவேளையைப் பாடத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், காலையில் மிஞ்சும் நேரத்தில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான வினாத்தாள் செய்விக்கலாம் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். பெற்றோர் கூட்டத்தில் அதிபர் அதை வாசித்துக் காட்டியபோதுதான் எங்களுக்கும் தெரிந்தது. அதற்குள் பலகை சுவரைவிட்டு இறங்கியிருந்தது.

அந்தப் பலகையில் வெயில், முகில், மழை, இடி என்று நான்கு படங்கள். காலைக் கூட்டம் முடிந்து வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர் எழுதிய உடுப்புக் கிளிப்பை அன்றைய மனநிலைக்கு ஏற்ற படத்தில் மாட்டும். பிறகு பாயில் வட்டமாக உட்காருவார்கள். விரும்பியவர் பேசலாம், விரும்பாதவர் சும்மா இருக்கலாம். கோபம் வந்தால் வயிற்றில் கையை வைத்து மூச்சை எண்ணப் பழக்கினார் டீச்சர். அழிரப்பருக்குச் சண்டை பிடித்த இருவரை எதிரெதிரே உட்கார வைத்து, மற்றவர் சொன்னதை முதலில் திருப்பிச் சொல், அப்புறம் உன் பக்கத்தைச் சொல் என்பார். இவ்வளவுக்கும் எடுத்துக்கொண்டது இருபது நிமிடம். அதைத்தான் மிஞ்சும் நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். யாரென்று சொல்ல மாட்டேன். இதை எழுத அவனுடைய அம்மம்மாவிடம் சம்மதம் கேட்டேன், எழுதுங்கள் என்றார். தாய் வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலை செய்கிறார். இங்கே அம்மம்மாவோடுதான் இருக்கிறான். வருடத் தொடக்கத்தில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார என் மகள் பயந்தாள். கொப்பியைக் கிழிப்பான், தள்ளிவிடுவான், ஒருநாள் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி எறிந்தான். அவனை வேறு வகுப்புக்கு மாற்றச் சொல்லிக் கேட்ட பெற்றோரும் உண்டு.

ஒரு காலையில் அவன் கிளிப்பை இடியில் மாட்டிவிட்டு, யாரும் கேட்காமலே, "அம்மா நேத்து கோல் எடுக்கல" என்றானாம். வகுப்பு பேசாமல் இருந்தது. பிறகு எதிரில் இருந்த இன்னொரு பையன், "எங்க அப்பாவும் கட்டார்லதான். வெள்ளிக்கிழமை மட்டும்தான் எடுப்பாரு" என்றான். இரண்டு பேரும் வருடக்கணக்காக ஒரே வகுப்பில் படிக்கிறார்கள், அன்றுதான் ஒருவனைப் பற்றி மற்றவனுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவன் அடிப்பதே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடிக்க வரும் முன்னர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நிற்கப் பழகினான். என் மகள் அவனுக்குப் பக்கத்தில் உட்காரத் தொடங்கினாள்.

பலகை போன பிறகு, ஒரு இடைவேளையில் விறாந்தையில் சண்டை. மற்றப் பிள்ளையின் நெற்றியில் காயம். இவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். அம்மம்மாவை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். அவர் ஒரு கட்டடத்தில் துப்புரவு வேலை செய்பவர், வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. காலையிலிருந்து அலுவலக வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்து, "இனி அடிக்க மாட்டான்" என்று எழுதிய ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவன் ஏன் அடித்தான் என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கென்று இருந்த நேரம்தானே எடுக்கப்பட்டுவிட்டது.

டீச்சரை நான் குறை சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, எழுத்தில் வந்த அறிவுறுத்தலையும் மீறி அவர் என்ன செய்வார்?

நீங்களே கொண்டுவந்த ஒரு விஷயத்தை நினைவுபடுத்துகிறேன். பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 12/2016 இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. 2021இல் உயர் நீதிமன்றமும், ஆசிரியர் அறைந்த ஒரு மாணவனின் வழக்கில், யாரையும் கொடூரமாகவோ இழிவாகவோ நடத்தக் கூடாது என்ற அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டிருக்கிறது என்று தீர்ப்பளித்தது. இரண்டையும் மனதார வரவேற்றவர்கள் நாங்கள். பிரம்பை வாங்கிவிட்டீர்கள், சரி. அதற்குப் பதிலாக ஆசிரியரின் கையில் என்ன கொடுத்தீர்கள்? எங்கள் டீச்சர் தானே தேடிப் படித்து, தன் காசில் அட்டையும் கிளிப்பும் வாங்கி ஒரு வழியைக் கண்டுபிடித்தார். அதையும் இறக்கிவிட்டால் மிச்சம் இருப்பது வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பதும் பெற்றோரைக் கூப்பிடுவதும்தான்.

இது ஒரு டீச்சரின் தனி ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். உலகில் பல நாடுகளில் சமூக, மனவெழுச்சிக் கற்றல் என்று இதை முறையாகவே நடத்துகிறார்கள். தன் மனதில் நடப்பதை அறிவது, அதை அடக்கியாளப் பழகுவது, அடுத்தவரின் நிலையை விளங்கிக்கொள்வது, உறவைப் பேணுவது, யோசித்து முடிவெடுப்பது ஆகியவைதான் அதன் ஐந்து பகுதிகள். 2011இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட 213 நிகழ்ச்சித்திட்டங்களைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். அவற்றில் 2,70,000க்கும் அதிகமான மாணவர்கள் இருந்தார்கள். இந்தப் பயிற்சி பெற்ற பிள்ளைகளின் நடத்தை மட்டுமல்ல, பாட அடைவும் உயர்ந்திருந்தது. நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் பிள்ளை பதினோரு இடம் முன்னுக்கு வரும் அளவு முன்னேற்றம். நடத்துவதற்கு வெளியாட்கள் வேண்டியதில்லை, வகுப்பாசிரியரே நடத்தினாலும் பலன் கிடைக்கிறது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. புள்ளிகள்தான் உங்கள் கவலை என்றால், அதற்கும் இந்த இருபது நிமிடம் உதவும்.

இந்தப் பிள்ளைகள் எப்படி வளர்ந்தவர்கள் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இவர்களுக்கு மூன்று நான்கு வயது. ஓடி விளையாடி, அடிபட்டு, சமாதானமாகிப் பழக வேண்டிய காலத்தை ஊரடங்கில் வீட்டுக்குள் கழித்தார்கள். வெளியே வந்த கையோடு 2022. மின்வெட்டு, எரிபொருள் வரிசை, மறுபடியும் மூடிய பாடசாலை. வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் பதற்றத்தில் இருந்த வருடம் அது. கொச்சிக்கடைத் தேவாலயம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். 2019 ஏப்ரல் 21 அங்கே குண்டு வெடித்த பிறகு ஒரு பெரிய சத்தம் கேட்டாலே உடம்பு உதறும் பெரியவர்கள் இந்தத் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அந்த வீடுகளிலிருந்துதான் எங்கள் பிள்ளைகள் காலை ஏழரைக்கு வகுப்பில் வந்து உட்காருகிறார்கள்.

இவர்களுக்கு நாங்கள் கொடுப்பது வினாத்தாள். தரம் 3 தொடங்கியதுமே டியூஷன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் டியூஷன். பஸ் தரிப்பிடங்களில் எல்லாம் புலமைப்பரிசில் வகுப்புப் போஸ்டர். பத்து வயதுப் பிள்ளை இரண்டு வினாத்தாளில் 200 புள்ளிக்கு எவ்வளவு எடுக்கிறது என்பதை வைத்து உறவுக்காரர் முதல் பக்கத்து வீட்டார் வரை பிள்ளைக்கு விலை போடுகிறார்கள். வெட்டுப்புள்ளிக்கு ஒன்றிரண்டு குறைந்ததற்காக வாரக்கணக்கில் வெளியே வராத பிள்ளைகளை எங்கள் ஒழுங்கையிலேயே பார்த்திருக்கிறேன். அந்தத் தோல்வியை எப்படித் தாங்குவது என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எந்தப் பாடத்தில் இருக்கிறது? பாடசாலையில் ஆலோசனைக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார் என்பார்கள். எங்கள் பாடசாலையில் அவர் மேல் வகுப்புகளுக்குப் பாடமும் எடுத்துக்கொண்டு அந்த வேலையையும் பார்க்கிறார். ஆரம்பப் பிரிவுப் பக்கம் வர அவருக்கு நேரமே கிடைப்பதில்லை.

புலமைப்பரிசில் பரீட்சை வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கை இந்த மடலில் உங்கள் முன் வைக்கவில்லை. அது பெரிய பேச்சு, அதற்கு வேறு மேடைகள் இருக்கின்றன. நான் கேட்பது அந்தக் காலை இருபது நிமிடத்தை மட்டும்தான்.

ஆகவே தயவுசெய்து, எங்கள் வகுப்பைப் பற்றி எழுதி வைத்த குறிப்பைத் திரும்ப எடுத்து, அந்த நேரத்தை நேரசூசியில் அனுமதிக்கப்பட்டதாகவே எழுதித் தாருங்கள். வாய்ப் பேச்சாகச் சொன்னால் போதாது. அடுத்த முறை வேறு குழு வந்தால் டீச்சர் மறுபடியும் விளக்கம் சொல்ல வேண்டி வரும். முடிந்தால் வலயத்தின் மற்றத் தமிழ்மொழி மூல ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு பயிற்சியைத் தமிழிலேயே ஒழுங்கு செய்யுங்கள். செலவு பெரிதாக வராது. மண்டபமும் தேநீரும் பாடசாலை அபிவிருத்திக் குழுவில் உள்ள நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

முடிவெடுக்கும் முன் ஒருநாள் காலையில் வாருங்கள். கோப்பை மேசையில் வைத்துவிட்டு, பாயில் பிள்ளைகளோடு இருபது நிமிடம் உட்காருங்கள். உங்களுக்கும் ஒரு கிளிப் தருவார்கள்.

அடுத்த தவணை தொடங்குவதற்கு முன்னர் உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

இங்ஙனம்,
தரம் 4 மாணவி ஒருத்தியின் தாய்,
கொழும்பு 13