நீதிபதி அனுமதி கேட்கும் ஊரிலிருந்து

டிபிலிசி,
பிப்ரவரி 2012

மாப்ளே சேகர்,

உன் மெயில் வந்து மூன்று வாரம் ஆகிறது, இந்நேரம் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். ஊரில் அம்மா எல்லோரிடமும் நான் அட்லாண்டா பக்கம் மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஜார்ஜியா என்றால் அவளுக்கு அமெரிக்காவில் இருக்கிற அந்த ஜார்ஜியா மாநிலம்தான். நீயாவது வீட்டுக்குப் போகும்போது சொல். இது காகசஸ் மலைக்குத் தெற்கே இருக்கிற நாடு, ஜன்னலுக்கு வெளியே முழங்கால் வரைக்கும் பனி, எழுத்து முப்பத்து மூன்று, எல்லாம் நம் எழுத்து மாதிரியே வளைவு வளைவாக இருக்கிறது. இன்னொன்று கேள், இங்கே அப்பாவைத்தான் 'மாமா' என்று கூப்பிடுகிறார்கள். என் மகள் பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்டுவிட்டு வந்து ஒரு மணி நேரம் சிரித்தாள்.

என்ன உத்தியோகம், யாருக்கு வாத்தியார் என்று கேட்டிருந்தாய். அமெரிக்க நீதித்துறையில் 1991-லிருந்து ஒரு பிரிவு இருக்கிறது. கோர்ட்டில் வழக்கு நடத்திக்கொண்டிருக்கிற அரசு வக்கீல்களைப் பிடித்து, வெளிநாட்டுத் தூதரகத்தில் உட்கார வைத்து, அந்த ஊர் அரசு வக்கீல்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்வார்கள். ரெசிடென்ட் லீகல் அட்வைசர் என்று பெரிய பெயர். ஆனால் இங்கே கோர்ட்டில் நான் ஒரு வார்த்தை பேச முடியாது. பேசியே பிழைத்தவனைப் பின்வரிசையில் வேடிக்கை பார்க்க வைத்துவிட்டார்கள்.

இவர்களுக்கு 2010 அக்டோபர் 1 முதல் புது குற்றவியல் நடைமுறைச் சட்டம். சோவியத் காலத்து வழக்கம் என்னவென்றால் காகிதக் கட்டுதான் வழக்கு. விசாரணை அதிகாரி எழுதி வைத்ததை வாசித்துவிட்டு உட்கார்ந்தால் போதும், மிச்சத்தை நீதிபதி கேட்டுக்கொள்வார், அவருக்கும் சில நாள் மேலே இருந்து போன் வந்துவிடும். இப்போது அதைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார்கள். சாட்சி நேரில் வந்து வாயால் சொல்ல வேண்டும், கேட்க வேண்டியவன் வக்கீல். நீதிபதிக்கு ஒரு சின்ன விளக்கம் வேண்டுமென்றால்கூட இரண்டு தரப்பும் சம்மதித்த பிறகுதான் கேள்வி கேட்கலாம். நம் சாட்சியச் சட்டம் 165-ஐ வைத்துக்கொண்டு எந்தக் கேள்வியையும் எப்போது வேண்டுமானாலும் கேட்கிற நீதிபதிகள் முன்னால் நின்று வளர்ந்த நமக்கு இது கனவு மாதிரி இல்லையா? அப்புறம் காவலில் வைத்து வழக்கு நடத்த ஒன்பது மாதம்தான் கெடு, அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. உன் கட்சிக்காரர்களிடம் இதைச் சொல்லாதே, விசா கேட்பார்கள்.

இதோடு ஜூரி வேறு. இப்போதைக்கு டிபிலிசியில் மட்டும், கடுமையான கொலை வழக்குகளுக்கு மட்டும், குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல சாதாரண ஜனங்கள் பன்னிரண்டு பேர். முதல் வழக்கு போன வருடம்தான் நடந்தது. நாம், மனைவியின் காதலனைச் சுட்ட கடற்படை அதிகாரி நானாவதியை எட்டுக்கு ஒன்று என்று ஜூரி விடுவித்த கதையைக் காலேஜில் படித்துவிட்டு, நல்லவேளை நம் நாட்டில் ஜூரியை ஒழித்தார்கள் என்று பேசிக்கொண்டவர்கள். இப்போது நான் அதே ஜூரி முன்னால் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு மாதிரி விசாரணை வைத்தோம். ஜூரியாக உட்கார்ந்தது ஓட்டுநர்கள், சமையல்கார அம்மாள், பயிற்சிக்கு வந்தவர்களின் உறவுக்காரர்கள். முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண், அரசு வக்கீல், எழுந்து பதினோரு பக்கம் வாசித்தாள். பிழையே இல்லை, சட்டப் பிரிவெல்லாம் துல்லியம். நாலாவது பக்கத்தில் சமையல்கார அம்மாளின் தலை சாய்ந்துவிட்டது. இடைவேளையில் அந்த வக்கீல் பெண்ணைத் திட்ட வேண்டியிருக்குமோ என்று நினைத்தேன், தேவைப்படவில்லை, அவளே பார்த்துவிட்டாள். மறுநாள் தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். வெறுங்கையோடு நிற்கத் தெரியாமல் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றாள். சாட்சி வேஷம் போட்டவர் எங்கள் ஓட்டுநர் ஒருவர். "கதவைத் திறந்ததும் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டாள், அவ்வளவுதான். அவர் ஒரு வரி சொன்னார். அவள் அடுத்த கேள்விக்கு ஓடாமல் சும்மா நின்றாள். அவர் தயங்கி, தானாகவே மிச்சத்தையும் சொல்ல ஆரம்பித்தார். ஜூரி வரிசையில் ஒருவர்கூட அசையவில்லை. எனக்கு ஜார்ஜிய மொழி தெரியாது, காதில் மொழிபெயர்ப்பு இரண்டு நொடி தாமதமாகத்தான் வரும், ஆனால் அந்த இடத்தில் அது தேவையே படவில்லை.

மாலையில் அவள் வந்து, நியாயமான சந்தேகம் என்றால் எத்தனை சதவீதம் என்று கேட்டாள். எண் கிடையாது என்றேன். அப்படியென்றால் ஜூரிக்கு எப்படித் தெரியும் என்றாள். அரை மணி நேரம் சுற்றி வளைத்தேன், மொழிபெயர்ப்பாளருக்கே சலித்துவிட்டது. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு என்று நம் ஊரில் முதல் வருட ஜூனியர்கூடச் சொல்லிவிடுவான், ஆனால் அது எவ்வளவு என்று எவனும் சொன்னதில்லை.

உன்னிடம் சொல்லலாம் என்பதால் சொல்கிறேன், ஒரு உறுத்தல் இருக்கிறது. இங்கே விடுதலைத் தீர்ப்பு என்பது குறிஞ்சி பூப்பது மாதிரி. பெரும்பாலான வழக்குகள் 2004-ல் வந்த ஒப்பந்த முறையில், குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டி முடிந்துவிடுகின்றன. (நம் ஊரிலும் 2006-ல் அது வந்தது, நீ ஒரு வழக்கிலாவது மனு போட்டிருக்கிறாயா?) தோற்றுவிடுவோம் என்று தெரிந்தால் எவன்தான் பேரம் பேசாமல் இருப்பான்? ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருக்கிற கட்சிக்குப் போய் நான் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கிறேனோ என்று சில ராத்திரி தோன்றும். எதிர்த்தரப்பு வக்கீல்களுக்கு அமெரிக்க பார் அசோசியேஷன் ஆட்கள் பயிற்சி கொடுக்கிறார்கள், அது கொஞ்சம் ஆறுதல். போலீஸ் ஸ்டேஷனையெல்லாம் கண்ணாடிச் சுவரில் கட்டியிருக்கிறார்கள், தெருவிலிருந்தே உள்ளே பார்க்கலாம், அழகாகத்தான் இருக்கிறது. பேரம் பேசுகிற அறைக்குக் கண்ணாடி கிடையாது.

அதனால் இப்போது என் வகுப்பில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். முதல் நாள் எல்லோரும் எதிர்த்தரப்பு வக்கீலாகத்தான் நிற்க வேண்டும், தங்கள் வழக்கையே தாங்கள் உடைக்க வேண்டும். சீனியர்கள் இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் மட்டும், இந்தச் சாட்சியை வைத்து நான் வழக்கே போட்டிருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுடைய நிஜமான வழக்கு அடுத்த மாதம். போய்ப் பின்வரிசையில் உட்காரப் போகிறேன்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஹின்காலி என்று ஒன்று, நம் கொழுக்கட்டைக்குள் சூப்பை ஊற்றி வைத்த மாதிரி, கையால்தான் சாப்பிட வேண்டும், மேலே இருக்கிற காம்பை மட்டும் தட்டில் வைத்துவிட வேண்டும், கடைசியில் அதை எண்ணி யார் அதிகம் சாப்பிட்டான் என்று பார்ப்பார்கள். நீ வந்தால் அசிங்கப்படுத்திவிடுவாய்.

ஜூனில் இரண்டு வாரம் மதுரை வருகிறேன். அந்தப் பிறழ்சாட்சி விவகாரம் என்ன ஆனது என்று எழுது. நான் இருக்கிற நாட்களில் உனக்குக் குறுக்கு விசாரணை ஏதாவது இருந்தால் தேதியைச் சொல், வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து வாய்தா வாங்கிவிடாதே.

அன்புடன்,
பாலு