புதியவர்களின் அறிமுகம்: போர் வரலாற்று வட்டத்தின் செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நமது வேலூர் வட்டத்தின் ஆண்டறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் 11 நடைபெற்றன. டிசம்பர் மாதக் கூட்டம் மழையால் கைவிடப்பட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிக்க இருக்கிறார். ஆகவே, இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்த 17 பேர் தங்களை நமக்கு அறிமுகப்படுத்திக்கொண்ட விதத்தைப் பற்றியே இவ்வறிக்கையில் மிகுதியும் எழுதியிருக்கிறேன். நிர்வாகக் குழு எடுத்த முடிவுகளில் விளைவைக் கண்ணால் காண முடிந்தது அந்த ஒன்றில்தான்.

புதியவர் எழுந்து பெயர், ஊர், தொழில் ஆகியவற்றைக் கூறி, பிறகு "எந்தப் போரில் ஆர்வம்?" என்ற கேள்விக்கு விடை சொல்வது தொடக்கம் முதல் நம் வழக்கமாக இருந்தது. அக்கேள்வி நாளடைவில் வாய்மொழித் தேர்வு போல ஆகிவிட்டது. கல்லூரி மாணவர் ஒருவர் ஜெர்மானிய டாங்கிகளின் கவசத் தடிமனை மில்லிமீட்டர் கணக்கில் ஒப்பித்து அமர்வார். அடுத்து எழும் அம்மையார் "எனக்கு ஒன்றும் தெரியாதுங்க, எங்க தாத்தா பட்டாளத்தில இருந்தார், அவ்வளவுதான்" என்று கூறி உட்கார்ந்துவிடுவார். மறுமாதம் அவர் வரமாட்டார். இராணுவப்பேட்டை என்றே பெயர் பெற்றுவிட்ட கம்மவான்பேட்டை இருக்கும் மாவட்டத்தில், தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்று சொல்லும் ஒருவரை நாம் வெறுங்கையோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம். எனவே, புதியவர் தம் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ ஒரு பொருளை, ஒரு பெயரை அல்லது ஓர் ஐயத்தைக் கொண்டுவந்து அதைப் பற்றிப் பேசினால் போதும் என்று ஜூன் மாதம் முதல் மாற்றினோம்.

முதலில் அவ்வாறு பேசியவர் லாங் பஜாரில் கடை வைத்திருக்கும் ஒரு வணிகர். நாற்பது ஆண்டுகளாக மணிக்கூண்டைக் கடந்து கடைக்குப் போய்வந்தும், அதிலுள்ள கல்வெட்டை நன்கொடையாளர் பலகை என்றே எண்ணியிருந்ததாகவும், நம் கூட்டத்துக்கு வரவேண்டுமே என்று சென்ற வாரம்தான் நின்று படித்ததாகவும் கூறினார். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் சென்றனர், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தனர் என்பது அதன் செய்தி. "அந்தப் பதினாலு பேரோட பேர் எங்கே சார்?" என்று கேட்டுவிட்டு அவர் அமர்ந்துவிட்டார். அந்த ஒரு கேள்வி நமக்கு மூன்று மாத வேலையாயிற்று. சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தின் பின்பகுதியில், முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்து இந்நாட்டின் பல கல்லறைகளில் அடக்கமான ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறித்த நினைவிடம் இருக்கிறது. கடல் கடந்து இறந்தோருக்கான நிலை வேறு. மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) மாண்டவர்களுக்காக எழுப்பப்பட்ட பாஸ்ரா நினைவிடத்தில் அதிகாரிகளுக்குப் பெயர் வெட்டினார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையை மட்டும் வெட்டினார்கள். நம் மணிக்கூண்டுக் கல்வெட்டும் எண்ணிக்கையோடு நின்றுவிட்டது தற்செயலன்று என்பது என் கருத்து. இத்தேடல் இன்னும் முடியவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பூசை அறையில் நெடுங்காலம் இருந்ததால் குங்குமம் படிந்துபோன ஒரு பதக்கத்தை மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் அது. அப்பதக்கம் வெள்ளியில் இருக்கவேண்டும் என்று யாரோ சொல்லிவிட, இவர்களுடையது வெண்கலமாக இருந்ததால், அசலைச் சித்தப்பா விற்றுவிட்டுப் போலியை வைத்துவிட்டார் என்ற மனத்தாங்கல் அக்குடும்பத்தில் இரண்டு தலைமுறையாக இருந்து வந்திருக்கிறது. வெண்கலத்திலும் அப்பதக்கம் வழங்கப்பட்டது என்பதையும், தொழிலாளர் படையினருக்கும் சுமை தூக்குவோர் போன்ற உடன்சென்ற பணியாளர்களுக்கும் அது உரியது என்பதையும், பெயரும் பிரிவும் பதக்கத்தின் விளிம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும் என்பதையும் மூத்த உறுப்பினர்கள் விளக்கினார்கள். சித்தப்பாவின் பழி நீங்கியது. ஆயினும் அம்மையாரின் முகம் சற்றே வாடியது. "அப்போ அவர் துப்பாக்கி பிடிக்கலையா?" என்று கேட்டார். அதற்கு நம் வட்டத்தின் முன்னாள் ஹவில்தார் ஒருவர் அளித்த விடையை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன்: "அம்மா, சோறும் தண்ணியும் வந்து சேரலைன்னா ஒருத்தனும் சுட முடியாது."

ஆகஸ்ட் மாதத்தில் நேர்ந்த பிழை என்னுடையது. தம் கொள்ளுத்தாத்தா 1935இல் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தவர் என்று ஓர் இளைஞர் அறிமுகம் செய்துகொண்டார். மூன்றாம் மதராஸ் ரெஜிமெண்ட் 1928இல் கலைக்கப்பட்டது, மீண்டும் எழுப்பப்பட்டது 1941இல், ஆகவே தாங்கள் சொல்வது நடந்திருக்க முடியாது என்று அவர் முடிக்கும் முன்பே எழுந்து கூறினேன். இரு மாதம் அவர் வரவில்லை. வந்தபோது கொள்ளுத்தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தை, அதாவது படையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது தந்த பணிப் பதிவேட்டை, கொண்டுவந்தார்; அவர் சேர்ந்திருந்தது, முறையான பட்டாலியன்கள் கலைக்கப்பட்ட பின்னும் தொடர்ந்து இருந்துவந்த, பகுதிநேர வீரர்களைக் கொண்ட பிராந்தியப் படையில். ஆண்டுகளை மனப்பாடமாக வைத்திருந்த எனக்கு அது தோன்றாமல் போயிற்று. புதியவரின் பேச்சில் பிழை இருந்தாலும் அறிமுக நாளில் திருத்துவதில்லை என்று குழு தீர்மானித்ததற்கு இதுவே காரணம். 83ஆம் வாலாஜாபாத் இலகு காலாட்படையைத் தம் ஊர்ப் படை என்று வாலாஜாப்பேட்டை அன்பர் ஒருவர் பெருமையோடு கூறியபோது, அப்பெயர் காஞ்சிபுரத்தை அடுத்த வாலாஜாபாத்துக்கு உரியது என்பதை மறுமாதமே தேநீர் வேளையில் தெரிவித்தோம். அவர் இன்றும் வந்துகொண்டிருக்கிறார்.

ஜூலை 10 அன்று வழக்கம்போல 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சியின் நினைவுத் தூணுக்குச் சென்று, பின்னர் கோட்டைக்கும் எதிரேயுள்ள பழைய ஐரோப்பியர் கல்லறைக்கும் நடந்தோம். புதிதாக வந்திருந்த தையல்காரர் ஒருவர், அப்புரட்சிக்கு ஒரு காரணமாக அமைந்த, தலைப்பாகைக்குப் பதிலாக வந்த புதிய தொப்பியில் தோல் எந்த இடத்தில் வைத்துத் தைக்கப்பட்டது, அது நெற்றியில் படுமா என்று கேட்டார். ஆண்டுதோறும் திருநீறும் தாடியும் கடுக்கனும் தடைசெய்யப்பட்டதைச் சொல்லிவந்த நாங்கள், அந்தத் தொப்பி தலையில் எப்படி இருந்திருக்கும் என்று ஒருமுறையும் எண்ணிப் பார்த்ததில்லை.

நவம்பர் கூட்டத்தைப் பற்றி எழுதுவதா என்று தயங்கினேன். சம்பந்தப்பட்ட இருவரும் இசைவு அளித்ததால் எழுதுகிறேன். அன்று அறிமுகமான இருவரில் ஒருவர், 1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதி காக்கும் படையில் பணியாற்றிய முன்னாள் நாயக் (ஹவில்தாருக்கு அடுத்த கீழ்நிலைப் பதவி). மற்றவர், மாவட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வசிக்கும் பெண்மணி. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்ட வரிசைப்படி அவர்களை அழைத்துவிட்டேன்; முன்னதாகவே பார்த்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் பலாலி விமானத் தளத்தில் இறங்கியதையும், அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் சண்டை மூண்டபின் தம் பிரிவில் மூவரை இழந்ததையும் நாயக் கூறி அமர்ந்தார். அடுத்து எழுந்த பெண்மணி, "நான் அப்ப சின்னப் பிள்ளை. எங்கட ஊர் சுன்னாகம். வீட்டுப் பின்வளவிலை அப்பா வெட்டின பங்கருக்குள்ளை இருந்தனாங்கள்" என்று கூறி நிறுத்தினார். அறையில் எவரும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து நாயக், சுன்னாகச் சந்தியிலிருந்து எந்தப் பக்கம் என்று கேட்டார், அவர் சொன்னார். "அந்த ரோட்டுல நடந்திருக்கேன்மா" என்றார் இவர். "தெரியும் ஐயா. நாங்கள் உள்ளையிருந்து சத்தம் கேட்டனாங்கள்" என்றார் அவர். அதற்கு மேல் இருவரும் அன்று எதுவும் பேசவில்லை. அப்படையினர் சுமார் 1,200 பேர் அங்கே உயிரிழந்தனர், 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு திரும்பியது என்பனவற்றை உரையாக வாசிக்க நான் தயாரித்து வைத்திருந்த தாள்களைப் பைக்குள் வைத்துவிட்டேன். இருவரும் தொடர்ந்து கூட்டங்களுக்கு வருகின்றனர். ஒரே வரிசையில் அமர்வதில்லை.

17 பேரில் 6 பேர் இப்போது வருவதில்லை. அவர்களில் இருவர் டாங்கிகளைப் பற்றிப் பேச வந்தவர்கள். வீட்டில் பட்டாளத்துக்காரர் எவரும் இல்லாத இளைஞர்களுக்குப் புதிய முறை ஒருவகையில் கதவடைப்பாகிவிட்டது என்று அவர்களில் ஒருவர் கடிதம் எழுதினார். அது நியாயமான குறை. ஒரு வரைபடத்தையோ படித்த ஒரு பக்கத்தையோ கொண்டுவந்தாலும் போதும் என்று அடுத்த ஆண்டு முதல் திருத்துமாறு குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழு இதற்கு ஒப்புதல் தரவேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் புத்தகங்களையும் பழைய கடிதங்களையும் கொண்டுவருவோர் நகல் எடுத்துக்கொண்டு வரவும். ஜனவரியில் ஓர் அசல் கடிதத்தின் மேல் தேநீர் கொட்டி, 'பாக்தாத்' என்ற சொல்லைத் தவிர மற்றவை கரைந்துபோயின. பதக்கங்களை எவரும் எலுமிச்சையும் புளியும் இட்டுத் துலக்க வேண்டாம். விளிம்பில் உள்ள எழுத்துகள் தேய்ந்துவிடும். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்